கடவுளை நம்பாத தம்பிக்கும் கோயில் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் ஐயாவுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

நான் ஆலயத்துக்குச் சந்தா கட்டுகிறவள், சாமி கும்பிடுகிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கறுப்புச்சட்டைக்காரர் யாரோ எழுதிக் கொடுத்த மடல் என்று ஊரில் பேச்சு கிளம்பும்.

எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மண்டபத்தில் காசு வாங்காமல் கணிதம் சொல்லித்தரும் தம்பி, தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதைக் கேட்டவரிடம் மறைக்காமல் சொன்னார். அதற்காக, இனி இறைநம்பிக்கை உள்ளவர்தான் அங்கே பாடம் நடத்தலாம் என்று பொதுக்கூட்டத்தில் விதி போட்டுவிட்டீர்கள். "கடவுள் இல்லை என்பவனுக்கு நல்லது ஏது, கெட்டது ஏது? அவனவனுக்குத் தோன்றியதுதான் நியாயம்" என்று தலைவர் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. மலேசிய நாட்டுக் கோட்பாடுகள் ஐந்தைச் சொல்லும் ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைநம்பிக்கைதான் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். 1970இல் அறிவித்த அதே ஐந்தில் கடைசியாக நன்னடத்தையும் ஒழுக்கமும் தனியாக இருக்கின்றன. முதலாவதே போதுமென்றால் ஐந்தாவது எதற்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாமிக்குப் பயந்தால் மனிதன் ஒழுங்காக இருப்பான் என்பது ஒரு பேச்சு. சிலரிடம் அது உண்மை. தீமிதித்துவிட்டு வந்து அநியாய வட்டிக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்லது நல்லதாக ஆவதே கடவுள் சொன்னதால்தான் என்பது வேறு பேச்சு. தலைவர் சொன்னது இந்த இரண்டாவது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடியார் வேடத்தில் வந்த சிவன் கேட்டதற்காகத் தன் மகன் சீராளனை அறுத்துச் சமைத்த சிறுத்தொண்டர் கதையை நம் சமய வகுப்பில் கேட்டுவிட்டு என் மகள் வீட்டுக்கு வந்து, "சாமி கேட்டா பிள்ளையை அறுக்கலாமாம்மா?" என்றாள். "கடைசியில சீராளன் ஓடி வந்துட்டானே" என்றேன். நம்மில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வோம். சிவன் கேட்டதாலேயே அது சரியாகிவிடும் என்றால், பிள்ளை திரும்பி வராவிட்டாலும் நமக்கு உறுத்தக் கூடாது. ஆனால் அவன் ஓடி வந்த பிறகுதான் நமக்கு மூச்சே வருகிறது. பிள்ளையைக் கொல்வது தப்பு என்ற அறிவோடுதான் அந்தக் கதையையே கேட்கிறோம்.

இந்தக் கேள்வி ஒன்றும் புதிதில்லை. தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று சாக்ரடீஸ் யூதிப்ரோ என்பவரைக் கேட்டதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். அந்த உரையாடலின் பின்னணியில் ஒரு பண்ணைக் கூலியின் சாவு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவன் குடிவெறியில் ஓர் அடிமையைக் கொன்றுவிடுகிறான். யூதிப்ரோவின் தந்தை அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று ஏதென்சில் இருந்த சமய விளக்கக்காரரிடம் கேட்க ஆள் அனுப்புகிறார். போனவர் திரும்புவதற்குள் அவன் பசியிலும் குளிரிலும் செத்துப்போகிறான். கட்டுண்டு கிடப்பவனுக்குக் கஞ்சி ஊற்றுவதற்கு யாருடைய விளக்கம் வேண்டும்?

நம் பக்கத்துச் செய்திக்கு வருவோம். 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்ற தமிழ்த் தொழிலாளர் அமைப்பினர் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். பீடோங் பக்கம் 1947இல் போலீசோடு மோதலாகி உயிரும் போனது. அந்தக் கடைகள் சட்டப்படிதான் நடந்தன, நிர்வாகத்துக்கும் அவற்றில் ஆட்சேபம் இல்லை. முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் வைக்கும் படையலிலேயே கள் இருந்தது. ஆக, சாமியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியிருந்தும் சம்பளம் கடையிலேயே கரைந்து, அடுப்பு எரியாமல், பெண்டாட்டி பிள்ளைகள் அடிபட்டதைப் பார்த்தவர்கள் இது தப்பு என்று நின்றார்கள். 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்த பெரியாரின் வழியில் நடந்தவர்களும் குடியை எதிர்த்தவர்கள்தான். விபூதி பூசியவரும் பூசாதவரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைக் கண்டார்கள் என்றால், அது அவரவர் மனதுக்குத் தோன்றிய விஷயமாக எப்படி இருக்கும்?

"அப்படியானால் அந்த நியாயம் எதன்மேல் நிற்கிறது?" என்று தலைவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான், தத்துவம் படித்தவர்களே இன்னும் அதில் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரப்பர் பால் நிறுக்கும்போது தோட்டத்துக் கணக்கரான கிராணி எடையைக் குறைத்து எழுதினால், இருட்டில் எழுந்து மரம் சீவியவளின் உழைப்பு களவு போகிறது. அந்தக் களவே தப்பு. கடவுள் அதைப் பார்க்கிறார் என்று நான் நம்புகிறேன். அவர் பார்க்காவிட்டாலும் அவள் கூலி குறைந்தது குறைந்ததுதான். கிராணிக்கு அது நியாயமாகத் தோன்றினாலும் நியாயமாகிவிடாது.

இன்றைக்குச் செம்பனைத் தோட்டத்தில் வங்காளதேசத் தொழிலாளியின் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, முதலாளி பூட்டி வைக்கிறார் என்று வையுங்கள். 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம், அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் அநியாயம். இவர் கும்பிடும் சாமியையும் அவர் தொழும் இறைவனையும் விசாரித்துவிட்டா அதை முடிவு செய்கிறோம்?

செயலவையில் ஓர் அண்ணன், கடவுள் கட்டளை போடுவதில்லை, அவரே நன்மை, திருமூலர் சொன்ன அன்பே சிவம் என்றார். மற்ற பதில்களைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அன்பு நல்லது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தானே அண்ணே அது சிவனுக்குப் புகழாகத் தெரியும்? தெரியாதவரிடம் சொல்லிப் பாருங்கள், வெறும் தகவலாகத்தான் கேட்பார்.

நம்பிக்கையால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கு நாற்காலி தூக்கிப் போவதும் அன்னதானத்துக்கு விடிய விடிய சமைப்பதும் கோயில் இருப்பதால்தான் நம் ஊரில் சுலபமாக நடக்கின்றன. ஆனால் கடவுள் இல்லையென்றால் எதுவும் தப்பில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லி வளர்த்தால், நாளைக்குக் கோலாலம்பூர் போய் நம்பிக்கையை இழக்கிற பிள்ளை அதோடு சேர்த்து ஒழுக்கத்தையும் போட்டுவிட்டுப் போகும். அதற்கு வழி சொல்லிக் கொடுத்தது நாமாக இருப்போம்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இந்த விதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நிபந்தனை வேண்டுமென்றால் வேறு போடுங்கள்: நேரத்துக்கு வர வேண்டும், பிள்ளைகள்மேல் கை வைக்கக் கூடாது, பெற்றோர் எப்போது வந்து பார்த்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும். பூசை செய்கிறவருக்கும் நாத்திகருக்கும் இவை ஒன்றாக இருக்கட்டும். எஸ்.பி.எம். தேர்வு நெருங்குகிறது, மண்டபச் சாவியை இந்த வாரமே தம்பியிடம் கொடுத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஆலயச் சந்தாதாரர் ஒருத்தி