கவிதாவுக்கு, கையுறை விஷயமாக

அன்புள்ள கவிதா,

இங்கு நலம். கையுறை இரண்டு இரண்டாகப் போடுகிறாயா? நீ அனுப்பிய படத்தில் இடது கையில் ஒன்றுதான் தெரிகிறது. அம்மாதான் முதலில் கவனித்தாள். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, அது போட்ட மாடு செத்தபின் தின்கிற கழுகைத்தான் கொல்லும். உன்னை ஒன்றும் செய்யாது, முழங்கால் வலிக்கு நானே அதைப் போட்டிருக்கிறேன். ஆனால் நீ ஆய்வுக்காக அறுக்கிற செத்த கழுகுக்குள் வேறு என்னென்ன இருக்குமோ. கத்தி யாருக்கும் நழுவும்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதயம், ஈரல் இரண்டின் மேலும் சுண்ணாம்பு அடித்தது போல யூரிக் அமிலம். சிறுநீரகம் நின்றுபோன கோழிகளில் இதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு பெரிய பாறு கழுகில் பார்த்ததில்லை. பெரிய மாமாவிடம் "என் மகள் அறுத்தது" என்று காட்டினேன். அவர் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார். சரி, அதை விடு.

போன் செய்தால் "லேபில் இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். அம்மாவுக்கு வருத்தம். எனக்கு ஒன்றுமில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் நீ சொன்னதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. "மருத்துவர்கள் யோசிக்காமல் போட்ட ஊசி" என்றாய், என்னைப் போன்ற மாட்டு டாக்டர்களைத்தான். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

மாமா வீட்டுச் செவலை மாடு உனக்கு ஞாபகம் இருக்காது. மடி வீங்கி, தீவனம் எடுக்காமல், கழுத்தைத் தரையில் போட்டுப் படுத்திருந்தது. டைக்ளோஃபெனாக் ஊசி போட்டேன். மறுநாள் நான் போவதற்குள் தானாக எழுந்து தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. 90களில் அந்த மருந்து வந்த புதிதில் ஊர் ஊராக இதைத்தான் பார்த்தோம். கழுகுகள் குறைந்தபோது ஏதோ கிருமி என்றுதான் விஞ்ஞானிகளே தேடிக்கொண்டிருந்தார்கள். பாகிஸ்தானில் செத்த பறவைகளை ஆராய்ந்து லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் காரணம் இந்த மருந்துதான் என்று எழுதியது 2004இல். 2006இல் மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கை அரசு தடை செய்தது. அதற்குப் பிறகு என் பையில் அது இருந்ததில்லை.

தெரிந்த பிறகும் போட்டவர்களைத் திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன். மனிதர்களுக்கென்று வந்த பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்கு ஏற்றினார்களே, அவர்களைத் திட்டு. 2015இல் அந்தக் குப்பியை 3 மில்லியாகக் குறைக்க வேண்டி வந்ததே அவர்களால்தான். எல்லோரையும் ஒரே வரியில் சேர்த்துக் கட்டாதே.

அசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மருந்து மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது என்று நீ மாமாவுக்கு விளக்கினாய் பார், அதுபோல எனக்குச் சொல்ல வராது. "பேரை மாத்தி வித்தா விஷம் மாறிடுமா மாமா?" என்று கேட்டாயே, அவர் இன்னும் சந்தையில் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2023இல் அதையும் கீட்டோபுரோஃபென் என்ற வேறொரு வலி மருந்தையும் மாட்டுக்குப் போடக் கூடாது என்று தடை செய்தபோது உன் வேலையே ஜெயித்த மாதிரி ஊரெல்லாம் சொன்னேன். ஆனால் இன்னும் கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகம் எழுதிக்கொடுத்தால், "அது மெதுவா கேக்குதுங்க டாக்டர், சுருக்கா கேக்கறது குடுங்க" என்பவர்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரே முட்டை இடுகிற பறவை, செத்த மாடு ஒன்றைக் கூட்டமாகச் சுற்றி உட்கார்ந்து தின்கிற பறவை. நூறு மாட்டில் ஒன்றில் மருந்து இருந்தாலே அந்தக் கூட்டத்துக்குப் போதும். இதை மாட்டுக்காரருக்குச் சொல்ல உன் ஆட்களில் ஒருவராவது சந்தைக்கு வர வேண்டும். ஆய்வுக் கட்டுரையை அவர் எங்கே படிக்கப் போகிறார்?

வேளைக்குச் சாப்பிடு. கையுறை இரண்டு போடு. கிழிந்ததை அப்போதே தூக்கிப் போடு, இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று வைத்துக்கொண்டிருக்காதே. மோயாற்றுக் கழுகுக் கணக்கெடுப்புக்கு வரும்போது இங்கே இரண்டு நாள் தங்குவது போல டிக்கெட் போடு. மற்றதை நேரில் பேசலாம்.

அம்மா கேட்கச் சொன்னாள்: கூட்டத்தில் சொன்ன அந்த ஊசி வரி நீ எழுதும் கட்டுரையிலும் வருமா? வருமென்றால் பக்கத்தில் ஆண்டையாவது போடு கண்ணு. 2006க்கு முன்பா, பின்பா என்று.

இப்படிக்கு,
அப்பா