தையற்காரருக்கும் பங்கு உண்டு

அன்புள்ள பாப்பா,

நீ ஹைதராபாத் போய்ச் சேர்ந்ததாக அனுப்பிய தகவலைப் பக்கத்து வீட்டுத் தம்பி படித்துச் சொன்னான். எனக்குக் கால் வலி தேவலை. கோயில் தளம் சுட்ட சூடு மட்டும் உள்ளங்காலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. விளக்கெண்ணெய் தடவியிருக்கிறேன், சரியாகிவிடும்.

போனில் சொன்னால் பாதியிலேயே உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

வேளாங்கண்ணிக்குப் போகும்போதெல்லாம் தஞ்சாவூரைப் பஸ் ஜன்னலோடு பார்த்ததுதான். இறங்கி நின்று பார்த்தது இப்போதுதான், அதுவும் உன்னால். புதுக்கோட்டை தாண்டும்போது நீ குன்றுகளைக் காட்டி, தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் கல் போயிருக்கும் என்று சொல்கிறார்கள் என்றாய். அப்போது தலையை ஆட்டினேனே தவிர, மனதில் பதியவில்லை. தஞ்சாவூருக்குள் நுழைந்து வயலும் வாய்க்காலுமாகப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வண்டல் மண் பூமி, ஒரு பாறை கண்ணில் படவில்லை. அங்கே 216 அடி உயரத்துக்கு ஒரு கல் மலையை நிறுத்தி, 1010-ல் முடித்தும் விட்டார்களே! நிழல் தரையில் விழாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். காலை வெயிலில் மேற்குப் பக்கம் நீளமாக நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலில்தானே நாம் கால் ஆற்றிக்கொண்டோம். இவ்வளவு பெரிய வேலையைச் செய்தவர்களுக்குப் பொய்ப் பெருமை எதற்கு?

ஆனால் நான் எழுத வந்தது கோபுரத்தைப் பற்றி அல்ல, கீழே இருக்கும் எழுத்தைப் பற்றி. விமானத்தின் அடியில் வரிவரியாக வெட்டியிருந்ததை நீ விரல் வைத்துக் காட்டினாய். எனக்கு ட, ப, ய மாதிரி சில எழுத்துகள்தான் பிடிபட்டன. நீ போனைப் பார்த்துப் படித்தாய்: "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்." ராஜராஜன் தான் கொடுத்ததையும், அக்கா குந்தவை கொடுத்ததையும், மனைவிமார் கொடுத்ததையும், பெயர் தெரியாத மற்றவர்கள் கொடுத்ததையும் ஒரே மூச்சில் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான். நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர்கூடப் பெரிய தொகை வந்தால்தான் சத்தம் போட்டுச் சொல்வார். 

அப்புறம் மர நிழலில் உட்கார்ந்து அந்த நானூறு பெண்கள் கதையைச் சொன்னாய். பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிப் பாடுகிறவர்கள். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, அதாவது எந்தப் பக்க வரிசை, எத்தனையாவது வீடு, அதில் யார், எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் எழுதி, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். அதை அளக்கிற மரக்காலுக்குக்கூட ஆடவல்லான் என்று சாமி பெயர். முதல் வீட்டுக்காரி பெயர் சேரமங்கை என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஊரை விட்டு வந்த பிள்ளை, புது வீட்டில் முதல் ராத்திரி தூங்கினாளோ என்னவோ. உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று நான் தூங்கவில்லை, அந்த நினைப்பு வந்துவிட்டது.

நட்டுவனார், பாடுகிறவர், கணக்கர், குடை பிடிக்கிறவர், விளக்கேற்றுகிறவர், நாவிதர் என்று நீ படித்துக்கொண்டே போனாய். கட்டிய பெருந்தச்சன் பெயர்கூட இருக்கிறது, குஞ்சரமல்லன். அப்புறம் சாதாரணமாகச் சொன்னாய், "தையற்காரங்களும் இருக்காங்கம்மா. ரத்தினம் தைக்கிறவர் ஒருத்தர் தனியா." நீ அடுத்த வரிக்குப் போய்விட்டாய், நான் போகவில்லை. என் முகம் ஏன் அப்படி ஆனது, வெயிலா என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாய். வெயில் இல்லை பாப்பா.

உன் அப்பா போன பிறகு இந்த மெஷினை மிதித்துத்தான் குடும்பம் ஓடியது. ஊரில் எத்தனையோ கல்யாணப் பெண்கள் மேடையில் நின்றது என் ஜாக்கெட்டில். தைக்கிறவளை யாரும் போட்டோ எடுப்பதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா, சாமிக்குப் பூஜை நடக்க ஐயர் மட்டும் போதாது, தையற்காரனும் வேண்டும், அவனுக்கும் பங்கு வேண்டும் என்று யோசித்திருக்கிறான். ஒருவர் செத்துப்போனால் அவருக்கு நெருங்கிய சொந்தத்தில் வேலை தெரிந்தவர் அந்தப் பங்கைப் பெற வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. வேலை தெரிந்தவர் என்ற அந்த நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. வேலை நிற்கக்கூடாது, கெட்டும் போகக்கூடாது.

அதற்கப்புறம் அரண்மனைக் கலைக்கூடத்தில் எனக்குக் கண்ணே வேறாகிவிட்டது. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், காளை மேல் கை சாய்த்து நிற்கிற சிவன், அவர் முன்னால் நெடுநேரம் நின்றேனே. 1011-ல் வார்த்ததாம். காளை இல்லை, ஆனால் கை சாய்ந்திருக்கும் விதத்தில் காளையின் உயரம் தெரிகிறது. நான் பார்த்ததெல்லாம் இடுப்புத் துணி. வெண்கலத்தில் துணி மடிப்பு எங்கே இறுகி எங்கே தளரும் என்று வார்த்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. துணியைக் கையில் பிடித்துப் பழகாதவனுக்கு அது வராது.

சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைச் சீக்கிரம் பார்த்துவிட்டு வந்துவிட்டோம், எனக்கு அந்த எழுத்துப் படிக்க வராது. ஆனால் சரபோஜி மன்னர் வைத்தியம் பார்த்த நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைய வைத்து, நோயும் மருந்தும் பக்கத்தில் எழுதி வைத்தார் என்றாயே, அது நல்ல காரியம். நீ பணம் கட்டிக் கண்புரை ஆபரேஷன் செய்ததால்தான் நான் அந்தத் துணி மடிப்பைப் பார்க்க முடிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாய், "போதும்மா தைச்சது, மெஷினைக் கொடுத்துட்டு எங்கூட வந்துடு" என்று. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அன்பு தெரியும், உன்னோடு இருக்க ஆசையும் உண்டு. வருவேன், பத்து நாள் பதினைந்து நாள் இருப்பேன். ஆனால் மெஷினைக் கொடுக்க மாட்டேன். என் அளவு நோட்டில் அம்மா, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெயர் இருக்கிறது. கோடித் தெருவிலிருந்து ஒரு பெண் இப்போதுதான் காஜா எடுக்கவும் லைனிங் வெட்டவும் பழகுகிறாள். அவள் கை திருந்தும் வரைக்குமாவது நான் இங்கே இருக்க வேண்டும். அவள் தேறிவிட்டால் நோட்டை அவளிடம் கொடுப்பேன், உனக்கு அதில் கோபம் வரக்கூடாது.

இன்னொன்று. ஐப்பசி சதயத்துக்கு ராஜராஜனுக்குப் பெரிய கோயிலில் விழா எடுப்பார்கள் என்று ஹோட்டல்காரர் சொன்னார். அதற்குப் போக வேண்டும் போல இருக்கிறது. இப்போதே காலண்டரைப் பார்த்துச் சொல். தீபாவளிக்குப் பிறகு வந்தால் லீவு போட்டுவிட்டு வா, சேர்ந்து போகலாம். முன்னால் வந்தால் நீ மட்டும் போய்வா, எனக்குத் துணி கொடுத்து முடிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா