மாற்றல் உத்தரவோடு தீர்ப்பும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கீழமை நீதிபதிகள் இடமாற்றம் என்றால் பெயர், பழைய ஊர், புது ஊர் என்று நாளிதழில் ஒரு பட்டியல் வருகிறது. அப்படியொரு பட்டியலுக்குப் பிறகு என் பாகப்பிரிவினை வழக்கு என்ன ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வழக்கு, அப்பா விட்டுப்போன வீட்டுக்கும் மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலத்துக்கும். எதிர்த்தரப்பு என் அண்ணன். அவர் கையில் ஓர் உயில்.

உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கூண்டில் ஏற்றினார்கள். அப்பா கையெழுத்திட்டது திண்ணையிலா, கூடத்திலா என்று என் வக்கீல் கேட்டார். மனுஷன் வாயைத் திறக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். அண்ணன் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார். "அங்கே என்ன பார்வை? என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நீதிபதியே அதட்டிய பிறகுதான் பதில் வந்தது. பிற்பாடு நகல் வாங்கிப் பார்த்தால், "எந்த இடம் என்று எனக்கு ஞாபகமில்லை" என்று ஒரே ஒரு வரி.

வாதம் முடிந்து தீர்ப்புக்குப் போட்டிருந்த நேரத்தில் அந்த நீதிபதிக்கு மாற்றல். மே மாதம் விடுமுறை. அப்புறம் பக்கத்து கோர்ட் நீதிபதிக்குக் கூடுதல் பொறுப்பு. அவர் தன் வேலையை முடித்துவிட்டு வந்து அவசர மனுக்களைப் பார்ப்பார், மற்றதற்கு வாய்தா போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒருவழியாகப் புது நீதிபதி வந்தார், மறுபடி வாதம். தீர்ப்பு எழுதப் போகிறவர் வாதத்தைத் தன் காதால் கேட்க வேண்டும், சரிதான். வக்கீலுக்கு மறுபடி ஃபீஸ் கொடுத்ததைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

ஆனால் சாட்சியத்தை மறுபடி கேட்க வேண்டியதில்லை. முந்தையவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-ம் கட்டளை, 15-ம் விதி. குற்ற வழக்குக்கும் 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதுச் சட்டத்தின் 365-ம் பிரிவில் கிட்டத்தட்ட இதே வழிதான். இது இல்லாவிட்டால் எந்த வழக்கும் முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அதே கட்டளையின் 12-ம் விதி, விசாரணையின்போது சாட்சி நடந்துகொண்ட விதத்தை நீதிபதி குறித்து வைக்க இடம் தருகிறது. என் வழக்குக் கட்டில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. 17-ம் விதிப்படி சாட்சியைத் திரும்பக் கூப்பிட மனுப் போடலாம் என்கிறார் வக்கீல். அந்தப் பெரியவர் எண்பதைத் தாண்டி, இப்போது படுத்த படுக்கை.

இன்னொன்றை வக்கீல் குமாஸ்தா சொன்னார். முந்தைய நீதிபதி எழுதி வைத்துவிட்டுப் போன தீர்ப்பைப் புதிதாக வந்தவர் கோர்ட்டில் வாசித்துவிட வேண்டும் என்று 20-ம் கட்டளையில் 2-ம் விதி இருக்கிறதாம். வாதம் முடிந்தால் 30 நாளில், தவறினாலும் 60 நாளுக்குள் தீர்ப்பு என்பது அதற்கு முந்தைய விதி. இத்தனை இருந்தும் தீர்ப்பு எழுதப்படாமலே ஒருவர் ஊர் மாறிப் போகிறாரே, எப்படி?

சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு தனி நீதிபதி பாலகிருஷ்ணா 2013 செப்டம்பர் 30-ல் ஓய்வு பெற்றார். அவரே நீடிக்க வேண்டும் என்று ஜெயலலிதா தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் ஜான் மைக்கேல் டி'குன்ஹா வந்து, 2014 செப்டம்பர் 27-ல் தீர்ப்புச் சொன்னார். மூன்று மா நிலத்துக்காக நான் டெல்லிக்குப் போக முடியுமா?

அரசமைப்புச் சட்டத்தின் 235-வது பிரிவுப்படி கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மாற்றல் உத்தரவும் அங்கிருந்துதான் வருகிறது. வாதம் முடிந்த வழக்குகளுக்குத் தீர்ப்பு எழுதிக் கொடுத்த பிறகே நீதிபதி விடுவிக்கப்படுவார் என்று அதே உத்தரவில் ஒரு வரி சேர்க்கட்டும். புது ஊரில் பொறுப்பேற்பது இரண்டு வாரம் தள்ளினால் தள்ளட்டும். சாட்சியைப் பற்றிய குறிப்பை அவர் கூண்டை விட்டு இறங்கும் முன்பே எழுதச் சொல்லி ஒரு சுற்றறிக்கையும் அனுப்பலாம். அடுத்த மாற்றல் பட்டியலுக்கு முன் இதைச் செய்தால் நல்லது.

வழக்கு நிலுவையில் இருப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.

- ஒரு வாசகி, காவிரி டெல்டா