தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்: சொல்ல வந்த குழந்தையைத் தண்டிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடக்க வகுப்புகளில் பாடம் நடத்திவரும் ஆசிரியை என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். இணையத்தில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக நம் பள்ளிகள் ஆண்டுக்கொரு முறை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகின்றன, உறுதிமொழி எடுக்க வைக்கின்றன, சுவரொட்டிகள் ஒட்டுகின்றன. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தவறாக ஏதோ நடந்துவிட்ட பிறகு ஒரு குழந்தை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் அதற்கு என்ன நேரும் என்பதை எந்தக் கூட்டத்திலும் நாம் பேசுவதில்லை.

மூன்றாம் வகுப்பில் ஓவிய நேரம். ஒரு சிறுமி என் மேசை அருகே வந்து நின்று, கையிலிருந்த பச்சை வண்ணக் குச்சியின் காகிதத்தை நகத்தால் உரித்தபடியே, “டீச்சர், தெரியாதவங்களுக்கு போட்டோ அனுப்பினா போலீஸ் புடிக்குமா?” என்று கேட்டாள். “நீ எதுக்கு அனுப்பினே?” என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. “நான் இல்ல டீச்சர், என் ஃபிரண்டு” என்று சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். மீண்டும் அவளைப் பேச வைக்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. அந்த ஒரு கேள்விக்காக இன்றும் நான் வருந்துகிறேன்.

நடந்தது இதுதான். விளையாட்டுச் செயலி ஒன்றின் அரட்டைப் பகுதியில், தன்னையும் ஒரு சிறுமி என்று சொல்லிக்கொண்ட யாரோ ஒருவர், விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசுகளைப் பரிசாகக் கொடுத்துப் பழகி, முதலில் வயதையும், பிறகு பள்ளிச் சீருடையின் நிறத்தையும், அதன் பிறகு சீருடை அணிந்த படத்தையும் கேட்டு வாங்கியிருக்கிறார். படம் கைக்கு வந்ததும், “அம்மாகிட்ட சொல்லாதே, சொன்னா போனைப் புடுங்கிடுவாங்க” என்று எழுதியிருக்கிறார். மூன்று வாரங்கள் அவள் இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துபோயிருக்கிறாள். வீட்டில் விஷயம் தெரிந்த அன்றே கைபேசியும் பிடுங்கப்பட்டது, அடியும் விழுந்தது. அந்த முகம் தெரியாத ஆள் சொன்னபடியே எல்லாம் நடந்தது என்பதை அந்தக் குழந்தையின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அவர் நம்பியிருந்தது நம் கோபத்தைத்தான். நாமும் அவரை ஏமாற்றவில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இது. “இணையத்தில் உனக்குப் பயமாகவோ சங்கடமாகவோ ஏதாவது நடந்தால் எங்களிடம் சொல், விதியை நீ மீறியிருந்தாலும் சொன்னதற்காகத் தண்டனை கிடையாது” என்பதை ஒவ்வொரு பள்ளியும் எழுத்தில் வைத்து, வகுப்புதோறும் குழந்தைகளின் காதுபடப் பலமுறை சொல்ல வேண்டும், அதே வாக்கைப் பெற்றோரிடமும் கேட்டுப் பெற வேண்டும். கைபேசியைச் சில நாள் வாங்கி வைப்பது தேவைப்படலாம். அப்போதும், அது ஏன் என்பதைக் குழந்தைக்கு விளக்கி, தண்டனையாகத் தோன்றாதபடி செய்ய நம்மால் முடியும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாதவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. ஆனால் நம் எட்டு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் இருக்கும் இடமான இணைய விளையாட்டுகள் அந்தத் தடைக்குள் வரவில்லை. முன்பின் தெரியாதவர்களோடு பேச வைக்கும் குரல் அரட்டையும் எழுத்து அரட்டையும் ஒரு விளையாட்டில் தாமாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தன என்பது, 2022இல் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று. குழந்தைகளின் தனியுரிமை தொடர்பாக அந்நிறுவனம் 27.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. வீட்டில் எந்த விளையாட்டை நிறுவினாலும், அதன் அமைப்புகளுக்குள் சென்று அரட்டையை அணைத்த பிறகே குழந்தையிடம் கொடுக்க வேண்டும் என்று பெற்றோருக்குச் செய்து காட்டுங்கள். பேச்சாகச் சொன்னால் போதாது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் தம் கைபேசியை எடுத்து அங்கேயே மாற்றட்டும்.

பிறந்த ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான சமூக ஊடகங்கள் குறைந்தபட்ச வயதாக 13ஐ வைத்துள்ளன. நாமே உட்கார்ந்து 2000 என்று ஏதோ ஒரு பிறந்த ஆண்டைத் தட்டிக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கிறோம். அந்த நொடியிலிருந்து அந்தச் செயலி நம் குழந்தையைப் பெரியவராகவே நடத்தும். சிறாருக்கென்று வைத்திருக்கும் தடுப்புகள் பெரும்பாலும் அதற்குக் கிடைக்காது.

இனி நம் பள்ளிகளின் பக்கம். ஆண்டு விழாவில் பரிசு வாங்கும் குழந்தையின் படத்தைப் பெயர், வகுப்பு, சீருடையோடு பொதுவெளியில் பதிவிடுகிறோம். அந்தச் சிறுமியிடம் அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுப் பெற்றதை நாம் ஒரே படத்தில் கொடுத்துவிடுகிறோம். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989லேயே தனியுரிமையைக் குழந்தையின் உரிமையாக 16ஆம் பிரிவில் ஏற்றது. பெற்றோரின் ஒப்புதல் இருந்தாலும், பெயரும் முகமும் ஒரே பதிவில் வேண்டாம்; குழந்தையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக, இப்படி ஒரு நிகழ்வு தெரியவந்ததும் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். உரையாடலும் எதிராளியின் பயனர் பெயரும் காவல்துறைக்குத் தேவைப்படும்; அவற்றைப் பதிவு செய்துகொண்ட பிறகு அந்தக் கணக்கைத் தடை செய்து, செயலியிலும் புகார் அளியுங்கள். குழந்தையின் அந்தரங்கப் படம் ஏதேனும் இருந்தால் மட்டும் அதை நகலெடுக்கவோ, ஆலோசனைக்காகக்கூட வேறு யாருக்கும் அனுப்பவோ கூடாது. கருவியை அப்படியே காவல்துறையிடம் கொண்டுசெல்லுங்கள். பள்ளியில் இதற்கென ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, அவர் யார் என்பதை முதல் வகுப்புக் குழந்தைக்கும் தெரியப்படுத்துங்கள். அவர், குழந்தை பேசி முடிக்கும்வரை “ஏன்” என்று கேட்காதவராக இருக்கட்டும்.

அந்தச் சிறுமி இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். வரும் கல்வியாண்டின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே இவற்றைப் பேச நேரம் ஒதுக்குமாறு தங்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை