நீலத்திரையை நிற்க விடுங்கள்

அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கணினிப் பராமரிப்பைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆள் அமர்ந்து வேலை செய்யும் விண்டோஸ் கணினிகளில், பழுதாகி, பிழைச் செய்தியைக் காட்டும் நீலத்திரையுடன் நின்றதும் தானாகவே மறுதொடக்கம் ஆகும் அமைப்பை நீங்கள் நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் பழுது பார்க்கச் சென்ற ஓர் அலுவலகத்தில், திரை நீலமானதைக் கண்ட கணக்குப் பிரிவு ஊழியர் அதைப் படமெடுக்கக் கைப்பேசியை எடுத்திருக்கிறார். கேமரா திறப்பதற்குள் கணினி மீண்டும் கிளம்பிவிட, அவர் என்னிடம் காட்டிய படத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் மட்டுமே இருந்தது. திரையில் என்ன எழுதியிருந்தது என்று அவரால் சொல்ல முடியாததால், எனக்கு முன்பு வந்தவர் ஃபார்மேட் செய்துவிட்டுப் போயிருந்தார். பழுதோ மெமரியில் இருந்தது.

அந்த ஊழியர் தவறவிட்ட ஒற்றை வரிதான் நமக்கு வேண்டியது. ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று இருந்தால் சேமிப்பு வட்டையும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் முதலில் பார்ப்போம். சில வேளைகளில் பழுதுக்குக் காரணமான டிரைவர் கோப்பின் பெயரே அங்கு இருக்கும். பழுதின் விவரங்களை வட்டில் சேமிக்கும் மினிடம்ப் கோப்பு பதிவாகுமே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் வட்டே பழுதானால் அந்தக் கோப்பு எழுதப்படாமலே போகக்கூடும். அப்போது திரையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ பெட்டியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே உள்ள குறியை நீக்கினால் போதும். பல கணினிகள் இருந்தால், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியின் ‘கிராஷ்கன்ட்ரோல்’ பகுதியில் உள்ள ‘ஆட்டோரீபூட்’ மதிப்பை 0 ஆக்கி, பல கணினிகளின் அமைப்பை ஒரே இடத்திலிருந்து மாற்றும் குரூப் பாலிசி வழியாக எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடலாம். விண்டோஸுக்குள்ளேயே நுழைய முடியாமல் சுழலும் கணினியில், ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ பட்டியலின் 9ஆவது தெரிவு அந்த ஒரு முறைக்கு மட்டும் மறுதொடக்கத்தைத் தடுக்கும்.

சர்வர்களுக்கு இதை நான் கேட்கவில்லை. நள்ளிரவில் ஆளில்லாத அறையில் நின்றுபோகும் சர்வர் தானாக எழுவதே நல்லது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, மேகக் கணிமையில் இயங்கிய சில மெய்நிகர் கணினிகள் பலமுறை மறுதொடக்கம் செய்த பிறகு மீண்டன என்பதையும் நான் மறக்கவில்லை.

அமைப்பை மாற்றும் அன்றே, ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: “நீலத்திரை (புதிய விண்டோஸ் 11இல் கறுப்புத்திரை) வந்தால் படமெடுக்கவும், அதில் காட்டும் விழுக்காடு 100 ஆகும்வரை காத்திருந்து, பிறகு பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்கவும்.”

இப்படிக்கு,
கணினிப் பழுது நீக்குநர் ஒருவர்