றலிச் சைக்கிளும் தை மாதக் கட்டணமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் பழைய றலிச் சைக்கிள் வாங்கிய ஒருவர், அது போலி என்று ஒரு வீடியோ போட்டிருக்கிறார். அதை இதற்குள் பார்க்காதவர்கள் வன்னியில் குறைவு. புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு ஐயா போன் எடுத்து, "தம்பி, அது உங்கட கடைதானே?" என்று கேட்டார். எங்கள் கடைதான். வாசலில் படுத்திருக்கும் நாயும் எங்களுடையதுதான். புதிய கட்டணம் பற்றி எப்படியும் உங்களுக்கு எழுத இருந்தோம். அதோடு இதையும் சேர்த்து எழுதுகிறோம்.

இலங்கைச் சைக்கிளான லுமாலாவுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து, முன்னால் இங்கிலாந்துக் கம்பனியான றலியின் தகடு ஒட்டி, பழைய இங்கிலாந்துச் சைக்கிள் என்று விற்கிறோமாம். அதற்கு ஆதாரம் பின்சில்லின் கம்பிகள். கம்பியை அவர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சைக்கிளில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. இவருடைய பின்சில்லில் 36. ஏன்? சில்லின் நடுவில் கம்பிகளைத் தாங்கும் பழைய மூன்று கியர் ஹப் உள்ளே தேய்ந்து, பாரமான கியரில் வழுக்கிக்கொண்டிருந்தது. அதைச் செய்த ஸ்ரேமி ஆர்ச்சர் கம்பனி 2000இல் தைவான்காரர் கைக்குப் போய்விட்டது. புதிதாக எங்களுக்குக் கிடைத்தது 36 துளை உள்ளது. "பின்சில்லு புதிது" என்று பில்லில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கினோம். பில்லின் அந்தப் பக்கம் வீடியோவில் வரவில்லை.

சரி, பிரேமுக்கு வருவோம். பெடல் அச்சைத் தாங்கும் கப் இருக்கிறதல்லவா, பெரும்பாலான இங்கிலாந்துச் சைக்கிள்களில் அதன் புரி ஓரங்குலத்துக்கு 24. நொட்டிங்காமில் றலி தனக்கென்று 26 புரி வெட்டியது. 24 புரிக் கப்பை றலி பிரேமுக்குள் திருகினால் கொஞ்சம் ஏறி இறுகி நின்றுவிடும். முன்தகட்டில் உள்ள நாரைத் தலையை யாரும் எங்கேயும் வாங்கி ஒட்டலாம், அதை ஒப்புக்கொள்கிறோம். புரியை எப்படி ஒட்டுவது? அவருடைய சைக்கிளின் கப்பைக் கழற்றி, புரி அளக்கும் தகட்டை வைத்துக் காட்ட இப்போதும் தயார். கழற்றிய பழைய ஹப்பும் எங்களிடமே இருக்கிறது. அந்த மூன்று கியர் ஹப்பின் மாதிரிப் பெயரான ஏடபிள்யூ என்ற எழுத்துகளோடு 62 என்று குத்தியிருக்கிறது. 1962இல் செய்தது என்று அர்த்தம். கடைக்கு வந்தால் கையில் எடுத்தே பார்க்கலாம். வீடியோ எடுத்தவரும் வரலாம், தேநீர் தருவோம்.

இந்தியாவில் அசன்சோலில் சென்-றலி செய்த சைக்கிள்களும் எங்களிடம் வரும். நல்ல சைக்கிள்கள்தான். ஆனால் பில்லில் அசன்சோல் என்றே எழுதுவோம், விலையும் குறைவு. லுமாலாவையும் நாங்கள் இளக்காரமாக நினைப்பவர்கள் இல்லை. பெற்றோல் வராத 90களில் விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். லுமாலாவை லுமாலா என்று சொல்லி விற்க எங்களுக்கு என்ன வெட்கம்?

இவ்வளவு பழைய சைக்கிளை எங்கே எடுக்கிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். வன்னிச் சைக்கிள்கள் 2009இல் எங்கே விடப்பட்டன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவற்றில் ஒன்றையும் நாங்கள் வாங்குவதில்லை, கொண்டுவந்து தந்தாலும். யாழ்ப்பாணம், மன்னார், அனுராதபுரம் பக்கத்து வீடுகளில் உடையவரிடம் நேரே வாங்குகிறோம். பிரேம் நம்பர் எழுதிய கடிதம் ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது.

எங்கள் ஞாயிறுச் சைக்கிள் ஓட்டத்துக்குப் போடும் பழைய பாணி உடுப்புப் பக்கத்தில் முறைப்பாடு இல்லை, முருகன் புண்ணியம். லண்டனில் 2009 முதல் ட்வீட் ரன் என்று பழங்காலக் கம்பளிக் கோட்டுப் போட்டுப் பழைய சைக்கிளில் நகரம் சுற்றுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் ஞாயிறு ஓட்டமும் தொடங்கியது. அந்தக் கோட்டை இந்த வெயிலில் போட்டால் பரந்தன் தாண்ட மாட்டோம். எனவே எங்களுக்குப் பருத்தி வேட்டி, பெரிய கொலர் சேட்டு, பெல்பொட்டம், அம்மாமாரின் அலுமாரியில் இருந்து வந்த நைலெக்ஸ் சேலை. "கஷ்டத்துக்கு ஓடின சைக்கிளில் என்ன ஸ்ரைல்?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய கல்யாணப் படங்களைப் பார்த்தால் அன்றைக்கு ஸ்ரைல் இல்லாமல் இருந்த மாதிரித் தெரியவில்லை. பெல்பொட்டம் போடுபவர்கள் மட்டும் முழுச் செயின் கவர் உள்ள சைக்கிளைக் கேளுங்கள். இல்லாவிட்டால் கணுக்காலில் கிளிப் போடுங்கள். கிளிப் எங்களிடம் இலவசம்.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். சில்லுக்குக் கம்பி பின்னி, கோட்டம் எடுத்துத் தந்த எங்கள் தம்பி கட்டாருக்குப் போய்விட்டான். நல்ல சம்பளம், மறிக்க மனம் வரவில்லை. அவனுடைய கைக்கு இன்னொரு கை இன்னும் கிடைக்கவில்லை. டொலர் 2022இல் ஏறியபோது ஏறிய பாகங்களின் விலை பிறகு இறங்கவேயில்லை. குறோம் பூசக் கொழும்புக்கு அனுப்பும் செலவு தனி. ஆகவே தை மாதம் முதல் முழுச் சேர்விஸ் 4,500 ரூபாவில் இருந்து 6,000 ரூபா. பங்சருக்குப் பழைய விலைதான். பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்றடிக்க எப்போதும் போலக் காசு வாங்க மாட்டோம். பொங்கலுக்கென்று முற்பணம் கட்டியவர்களின் சைக்கிள்கள் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டித் தயாராகும்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து, கொட்டிலில் கிடந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து இந்தக் கடையைத் தூக்கி நிறுத்தியவர்கள் நீங்கள். வீடியோ வந்த கிழமையே வேண்டுமென்று கடைக்கு வந்து, ஒன்றும் பழுதில்லாத பெல்லைத் திருத்தச் சொன்ன மல்லாவி ரீச்சருக்கும், றலியைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுக்கும் ஓய்வூதியகாரர்களுக்கும், இரணைமடு வரை கூடவே மிதிக்கும் பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

ஞாயிறு ஓட்டம் வழமைபோல் காலை ஆறு மணிக்குக் கடை வாசலில் தொடங்கும். தண்ணீர்ப் போத்தலை மறக்காமல் கொண்டுவாருங்கள். அன்றைக்குக் கடை மத்தியானம் வரை பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
கடைக்காரர்,
கரடிப்போக்குச் சந்தி, கிளிநொச்சி.