காவ்யாவின் 'ப்ளீஸ்' பற்றி மல்லிக்கு

அன்புள்ள மல்லி,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் அவர் பொறுப்பில் விட்டுவிடாதே, பாதி கன்னத்தில்தான் விழும். கோபாலு வீட்டு விசேஷத்துக்கு நான் வருகிறேன், நீயும் அந்தப் பச்சைப் பட்டைத் தவிர வேறு எதையாவது கட்டிக்கொண்டு வா.

இனி பிரிட்டனில் நர்ஸாக இருக்கும் காவ்யா விஷயம். ப்ளீஸ் போட்டுக் கேட்டும் வார்டில் அவளை ரூட், மரியாதை தெரியாதவள் என்கிறார்களாம். 'ப்ளீஸ் போட்டுத்தானே கேட்டா, இதுல என்ன மரியாதைக் குறைச்சல்? ரூடா பேசறாளாமே, புள்ளை போன்ல அழுவுது' என்று எழுதியிருந்தாய். அவளுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை, மல்லி. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் பேச்சுக்கு 7 வாங்க வேண்டும், வாங்கித்தானே போனாள்? அந்த 7 வாங்கியவர்களும் வார்டில் திணறும் இடங்கள் மூன்று: ஒன்றைக் கேட்பது, முடியாது என்பது, ஆபத்து என்று சொல்வது.

முதலில் அவளிடம் இதைச் சொல், அழுகை பாதி நிற்கும். பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றின் பணியாளர் உணவகத்தில் நம் நாட்டு, பாகிஸ்தான் பெண்கள் பரிமாறினார்கள். சிடுசிடுப்பானவர்கள் என்று அவர்கள் மேல் புகார். ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் அதை ஆராய்ந்து 1982-ல் எழுதினார். இறைச்சிக்குக் குழம்பு வேண்டுமா என்று கேட்க ஆங்கிலேயப் பெண்கள் 'கிரேவி?' என்று குரலை ஏற்றினார்கள். நம்மவர்கள் 'கிரேவி' என்று இறக்கி முடித்தார்கள். கேட்டவர் காதில் அது 'இந்தா, கிரேவி, எடுத்துக்கோ' என்று விழுந்தது. மனதில் இருந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை, குரல் இறங்கிய இடம்தான் வேறு. காவ்யாவுக்கும் இதேதான் நடக்கிறது என்பது என் கணிப்பு.

'அந்த சார்ட்டைக் கொஞ்சம் எடுத்துத் தாங்கக்கா' என்று நீ சொன்னால் மரியாதை 'ங்க'விலும் 'அக்கா'விலும் 'கொஞ்ச'த்திலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. வினைச்சொல் கட்டளையாகவே இருந்தாலும் உறுத்தாது. ஆங்கிலத்தில் எல்லோரும் 'யூ'தான். அந்தப் பாரத்தைக் கேள்வி வடிவம் சுமக்கிறது. 'கிவ் மீ த சார்ட், ப்ளீஸ்' என்பது அவர்களுக்கு ப்ளீஸ் ஒட்டிய கட்டளை. அதையும் குரல் இறக்கிச் சொன்னால் எரிச்சலில் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இதை ஜான் சர்ல் என்ற தத்துவ அறிஞர் 1975-லேயே பிரித்துக் காட்டினார். ஒரு கோரிக்கை பலிக்க, எதிராளியால் அது முடிய வேண்டும், செய்ய மனமிருக்க வேண்டும், நமக்கு அது தேவைப்பட வேண்டும். ஆங்கிலம் 'செய்' என்று சொல்லாமல் அந்த முன்நிபந்தனைகளில் ஒன்றைத் தொட்டு நிறுத்திக்கொள்கிறது: முடியுமா, செய்வீர்களா. அதனால்தான் 'குட் யூ பாஸ் மீ த சார்ட்?' அவள் கேட்பது சார்ட்டைத்தான், ஆனால் 'இப்போ முடியாதே' என்று சொல்ல எதிராளிக்கு வழி விட்டிருக்கிறாள். அந்த வழி இருப்பதுதான் அங்கே மரியாதை.

எவ்வளவு வழி விடுவது என்பதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பெரியவர்களிடம் பணிவாக, சின்னவர்களிடம் சாதாரணமாக என்று நாம் பழகியிருக்கிறோம். அங்கே கவனிக்க வேண்டியது வேறு. கர்ல், ட்ரூ என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் தொலைபேசி உரையாடல்களை ஒப்பிட்டார்கள். வீட்டாரிடம் 'குட் யூ' அதிகம், வேலை நேரம் முடிந்த பிறகு டாக்டரைக் கூப்பிடுகிறவர்களிடம் 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப்' (முடியுமோ என்று யோசித்தேன்) அதிகம். இதைக் கேட்க எனக்கு எவ்வளவு உரிமை, எதிராளிக்கு என்ன தடை இருக்கக்கூடும், இந்த இரண்டுக்கும் ஏற்பத்தான் வடிவம் மாறுகிறது. ஆகவே பக்கத்தில் நிற்பவரிடம் சார்ட் கேட்க 'குட் யூ' போதும், அதற்குப் போய் 'ஐ வாஸ் வொண்டரிங்' என்றால் குத்திக்காட்டுவது போலாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொள்ளக் கேட்கும்போது அதேதான் சரி. 'வுட் யூ மைண்ட்' என்று அவளை யாராவது கேட்டால் 'யெஸ்' என்று ஆரம்பிக்க வேண்டாம், 'எனக்கு ஆட்சேபம் உண்டு' என்று பொருளாகும். 'நாட் அட் ஆல்' என்று சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

(மரியாதைப் பேச்சு பற்றி உலகமே மேற்கோள் காட்டும் ஆராய்ச்சி பிரவுன், லெவின்சன் இருவருடையது. 1978-ல் வந்தது. ஆங்கிலம், மெக்சிகோவின் ஒரு மாயன் மொழி, மூன்றாவதாகத் தமிழ். அந்தத் தமிழ் எங்கே சேகரித்தது தெரியுமா? நம் கோயம்புத்தூர் ஜில்லாக் கிராமத்தில்!)

நோயாளிகளிடம் பேசுவதற்கு அங்கத்திய நர்ஸ்களிடம் ஒரு தனி பாணி உண்டு, அதை அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல். 'கேன் யூ ஜஸ்ட் பாப் யுவர் ஆர்ம் அவுட் ஃபார் மீ?' என்றால் 'கையைக் கொஞ்சம் நீட்டுங்களேன்'. அந்த 'ஜஸ்ட்', 'பாப்', 'ஃபார் மீ' மூன்றும் நம் 'கொஞ்சம்', 'ங்க' செய்யும் வேலையைச் செய்கின்றன. ஆனால் 'வுட் யூ லைக் யுவர் டேப்லெட்ஸ்?' என்று கேட்டால் தாத்தா 'நோ, தேங்க் யூ' என்பார், கேட்டது அப்படி. 'ஐ ஹேவ் காட் யுவர் டேப்லெட்ஸ் ஹியர்' என்று தொடங்கினால் பேச்சு வேறு திசையில் போகும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அப்போதும் அவருக்கு இருக்கிறது.

டாக்டர் பேசும்போது இது தலைகீழாகும். 'யூ மைட் வாண்ட் டு ரிபீட் ஹிஸ் ஆப்ஸ் இன் ஹாஃப் அன் அவர்' என்று அவர் சொல்வது யோசனை அல்ல, உத்தரவு. அரை மணியில் பிரஷரும் நாடியும் மூச்சும் மறுபடி பார்த்து எழுதியாக வேண்டும்.

மறுப்புக்கு வருகிறேன். பேச்சில் பதில் வழக்கமாக வினாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடும். 'சரி' என்பது சட்டென்று வரும். 'முடியாது' தாமதித்து, 'வெல்...' என்று இழுத்து, காரணத்தோடு வரும், பல சமயம் 'நோ' என்ற சொல்லே இருக்காது. காவ்யா கேட்டதற்கு எதிரே ஒரு மௌனம் விழுந்தால் காது கேட்கவில்லை என்று உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டாம். மறுப்பு வந்துகொண்டிருக்கிறது, 'டோன்ட் வரி இஃப் நாட்' என்று அவளே வழி விடட்டும்.

அவள் மறுக்கும்போது 'ஐ வில் ட்ரை' என்கிறாளா என்று விசாரி. நமக்கு அது நாகரிகமான 'முடியாது'. அவர்களுக்கு ஏறக்குறைய சம்மதம், டூட்டிப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். பிறகு வராவிட்டால் நம்பத்தகாதவள் என்ற பெயர் வரும், அது ரூட் என்பதைவிட மோசம். 'ஐம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் திஸ் சண்டே, ஐ ஹேவ் காட் ப்ளான்ஸ். ஐ குட் டூ டியூஸ்டே.' வருத்தம் ஒரு தடவை, காரணம் ஒன்றே ஒன்று, முடிந்தால் மாற்று. காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றையும் எதிராளி தீர்த்துவைக்கப் பார்ப்பார், கடைசியில் இவள் டூட்டிக்குப் போவாள்.

இனி எழுதுவதற்காகத்தான் இந்தக் கடிதமே. ரூட் என்று பெயர் வாங்கிய பெண், அடுத்து எல்லாவற்றையும் மழுப்பிப் பேசத் தொடங்குவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் தடவை இறங்க முடியாமல் மேலெழும்பியபோது, அவசரநிலை என்று சொல் என்று விமானி துணைவிமானியிடம் சொன்னார். துணைவிமானி கட்டுப்பாட்டறையிடம் திசையை உறுதி செய்துவிட்டு, மறுபடி முயல்கிறோம் என்று சொல்லி, அதோடு சேர்த்து எரிபொருள் தீர்கிறது என்றார். 'எமர்ஜென்சி' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்தது மல்லி, கோரிக்கைதான் சேரவில்லை.

வார்டில் இதற்கு எஸ்பார் என்ற முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்தது. நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, என்ன வேண்டும் என்று நாலு படி. முதல் மூன்றையும் அழகாக ஒப்பித்துவிட்டு நாலாவதை டாக்டரே புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான கோளாறு. மேல் பிரஷர் 85, நாடி 125, மூச்சு நிமிடத்துக்கு 28 என்று வை. நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று எண்ணால் சொல்ல அவர்கள் வைத்திருக்கும் நியூஸ்-2 கணக்கில் மூச்சுக்கு 3, பிரஷருக்கு 3, நாடிக்கு 2, இந்த மூன்றிலேயே 8 வந்துவிடுகிறது. 7 தொட்டாலே அவசரம். அங்கே 'குட் யூ', 'சாரி டு டிஸ்டர்ப் யூ', 'வென் யூ ஆர் ஃப்ரீ' ஒன்றும் கூடாது. 'ஹிஸ் நியூஸ் இஸ் எய்ட். ஐ நீட் யூ டு கம் அண்ட் சீ ஹிம் நௌ.' அவ்வளவுதான். குரல் இறங்கி முடியட்டும், இந்த இடத்தில் நம் குரலே சரியான குரல்.

டாக்டர் அலட்சியமாக இருந்தால் மூன்று வாக்கியம், இதே வரிசையில்: 'ஐம் கன்சர்ன்ட்', 'ஐம் அன்கம்ஃபர்டபிள்', 'திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ'. அதற்கும் அசையாவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிட வேண்டும். இதற்காக யாரும் அவளை ரூட் என்று சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் அவள் பொருட்படுத்தத் தேவையில்லை.

லீவு நாளில் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல், எழுதி வேண்டாம், குரல் ஏறி இறங்குவது எனக்குக் கேட்க வேண்டும். அன்றைக்கு என்ன கேட்டாளோ அதே வார்த்தையில், எதிராளி சொன்ன பதிலும் அப்படியே. நோயாளி பெயர் மட்டும் வேண்டாம். ஐந்தாறு வாக்கியம் வந்தால் போதும், எங்கே திருத்துவது என்று சொல்லிவிடுவேன்.

மாமாவுக்கு வணக்கம். முருங்கைக்கீரைப் பொடி தீர்ந்துவிட்டது, கோபாலு வீட்டுக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
ராஜி